காது பார்த்து எடுத்த ஊசி

தில்லையம்மாளின் காதில் கம்மல் இல்லை. நாத்தனார் கல்யாணத்தன்று மாமியார் மணியம்மாள் கழற்றி வாங்கி மகளுக்குப் போட்டு அனுப்பினாள், போனது போனதுதான். துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று, பின்னல் வேலை முடிந்ததும் தில்லை தன் குரோஷா ஊசியின் அடிப்பக்கத்தையே காதில் செருகிக்கொள்வாள். குடைக்கம்பியை அராவிக் கொக்கி வைத்துப் புருஷன் குமாரசாமி செய்து கொடுத்தது. அதற்கு நம்பரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் அதில் பின்னினால் அவளுக்கு அளவு தப்பாது.

அந்த ஊசியைத்தான் தையல் பரீட்சை நடத்த வந்த அம்மாள் கழற்றச் சொல்லி இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். நம்பர் போட்ட ஊசிகள் தட்டில் இருக்கின்றன, கொடுத்த நூலில், சொன்ன கண்ணிகளில், நாலங்குலச் சதுரம் வரவேண்டும், பொருத்தமான ஊசியை நீங்களே எடுங்கள் என்றார்.

தில்லை தட்டைப் பார்த்தாள். பாஸானால் தையல் டீச்சர். இல்லாவிட்டால் காலமெல்லாம் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றவேண்டியதுதான். அப்புறம் படிப்பு கிடிப்பு என்று வாயைத் திறக்கக் கூடாதென்று மணியம்மாள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பக்கத்துப் பெண் எடுத்த நம்பரையே எடுத்தாள். பாழாய்ப்போன சதுரம் சூம்பிப்போய் வந்தது. பிரித்தாள். தடித்ததை எடுத்தாள், வலை மாதிரி தொங்கியது. மறுபடி பிரித்தாள். நூல் பஞ்சு பஞ்சாய்ப் பிசிறிவிட்டது, இன்னொரு தடவை தாங்காது. பெஞ்சுக்கடியில் கால்கள் தறி மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தன.

தவிப்பில் கை காதுக்குப் போனது. வெறும் துளைதான் அகப்பட்டது.

சட்டென்று தட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் காதில் செருகிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்று தொளதொளவென்று ஆடியது. ஒன்று நுழையவே மாட்டேன் என்றது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். அடுத்தது, தினமும் நிற்பதுபோல, இடம் பிடித்து நின்றது. கையோடு பின்னத் தொடங்கினாள்.

மணி அடித்தபோது கடைசிக் கண்ணி விழுந்தது. அந்த அம்மாள் நாலு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன நம்பர் ஊசி என்று கேட்டார். தில்லை அதை அப்போதுதான் திருப்பிப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்த தன் ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் மணியம்மாள் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

"அளவு சரியா வந்துதா?"

நாத்தனார் கல்யாணத்திலிருந்து ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது தில்லைக்கு இப்போது வெகு சாதாரணமாக வந்தது.

"வந்துது அத்தே. நல்ல வேள, காதுல கம்மல் இல்ல."

ராட்டினம் நின்றுபோனது. தில்லை குடைக்கம்பி ஊசியைக் காதில் செருகிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.