இடப்பக்கம் நிற்பவள்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. போன மாதம் சிவகங்கையில் என் மஞ்சுவிரட்டுப் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஒரு பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "சுற்றியிருக்கும் அத்தனையையும் துறந்து மாட்டின் முகத்தை மட்டும் பார்க்கும் துணிச்சல் இந்தக் கலைஞருக்கு இருக்கிறது" என்றார். கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். (சுற்றியிருப்பது எனக்குத் தெரியவில்லை ஐயா, அவ்வளவுதான். இதை அங்கே சொல்லவில்லை.)

குளுக்கோமா. இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, போனது திரும்பாது என்றார் மதுரை டாக்டர். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். காரைக்குடியில் என் ஸ்டுடியோவுக்குள் பாஸ்போர்ட் படம் எடுக்க அது போதும். மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நிற்கப் போதாது.

நாளைக்கு மஞ்சுவிரட்டு. மனைவி ரேணுகாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

2

எனக்குப் பதிலாக வேறு யாரையாவது பயப்பட வைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

"வள்ளியப்பன் பெரிய வீடுகளைப் படமெடுப்பவன். தேக்குத் தூண்கள் அவனைக் கண்டால்—"

வேண்டாம். தூண் பாயாது. (நான்தான் தூணில் போய் முட்டிக்கொள்கிறேன்.)

இரண்டாவது:

"மருதுபாண்டிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது."

இவனை எனக்குப் பிடிக்கவில்லை. பயமே தெரியாதவன் எதற்குப் படமெடுக்க வருகிறான்? மாடு வெளியே வரும் நொடியில் ஓடிவிடத் தோன்றும், ஓடாமல் நின்று எடுப்பேன். அதற்காகத்தானே இந்தத் தொழிலில் கிடக்கிறேன். வலது கண் கேமராவில் இருக்கும். இடது கண்ணையும் திறந்தே வைத்திருப்பேன், ஓரத்தில் வருகிற இன்னொரு மாட்டுக்காக.* சட்டகத்துக்குள் எதை வைப்பது என்பதுதான் கலை என்கிறார்கள். வெளியே எதை விட்டோம் என்று தெரிந்திருப்பதும் கலைதான். எனக்கு இப்போது அது தெரிவதில்லை.

மருதுபாண்டியை வைத்துக்கொண்டேன். என் கண்ணை அவனுக்குக் கொடுத்தேன்.

* எங்கள் பக்கம் தொழு என்கிற பட்டியிலிருந்து மாடுகள் ஒரு வழியாக வரும். பொட்டலில் ஆங்காங்கே கட்டிவைத்து அவிழ்த்துவிடுகிற கட்டுமாடுகள் எந்தத் திசையிலிருந்தும் வரும்.

3

"போன வருடம் மருதுபாண்டி பொட்டலில் நின்றான். எதிரே செவலைக் காளை. திடீரென்று யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவன் நின்றிருந்த இடத்தில் ஒரு கறுப்பு மாடு புயலாக—"

புயலெல்லாம் இல்லை, மாடு மாடாகத்தான் போனது. இழுத்தவன் சொக்கு, மாடு பிடிக்க வருகிற சிநேகிதன்.

"அண்ணே, சாகவா வந்தீக? இங்குட்டு இம்புட்டுப் பெரிய மாடு வருது, கண்ணு தெரியலையா?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். விழும்போது விரல் அழுத்தி எடுத்த படம்தான் கண்காட்சி வாசலில் மாட்டியிருந்தது.

(இது மருதுபாண்டிக்கு நடந்தது. 'நான்' என்று வந்ததைத் திருத்த வேண்டும்.)

4

மருதுபாண்டி நாளை போவானா?

அ. போகவில்லை. டிவியில் பார்த்தான். (எழுதியதுமே கோடு போட்டு அடித்தேன்.)

ஆ. லாரி மேல் ஏறி நின்று எடுத்தான். பத்திரம்தான். அங்கிருந்து மாட்டின் முதுகுதான் கிடைக்கும்.

இ. பொட்டலில் இறங்கி—

"ஏன், அந்த மருதுபாண்டிக்குப் பொண்டாட்டி இல்லையா?"

பேனா விழுந்துவிட்டது. என் இடப்பக்கம் ரேணுகா நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப வந்தே?"

"தூண்ல முட்டுறதை எழுதுறப்பவே வந்துட்டேன். இங்குட்டுத்தான் நிக்கிறேன், திரும்பியே பாக்கல."

"உனக்குத் தெரியுமா?"

"காப்பியை இந்தப் பக்கம் வச்சா ஆறிப்போயிருது. அப்பவே தெரியும். நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

"போக வேணாம்னு சொல்லப் போறியா?"

"சொன்னா மட்டும் கேட்டுருவீகளா? நானும் வாரேன். உங்க இடப்பக்கம் நிக்கிறேன். மாடு வந்தாச் சொல்றேன்."

ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

5

என் உயிருக்குப் பயப்படுவது பழகிப்போயிருந்தது. இது புதிய பயம். இடப்பக்கத்திலிருந்து வருகிற மாடு இடப்பக்கம் நிற்பவளைத்தான் முதலில் முட்டும். அவளோ என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அந்த நொடியில் அவளுக்கு என்ன ஆனாலும் எனக்குத் தெரியாது.

நீ வராதே என்று சொல்லலாம். சொன்னால் என்னைத் தனியே விட மாட்டாள், நானும் போக முடியாது. எழுந்து சமையலறை வாசல்வரை போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். ஒரு படத்துக்காக. மாட்டைவிட இப்போது என்னைக் கண்டுதான் எனக்குப் பயம்.

6

முடிவு இ:

"தொழு திறந்தது. மருதுபாண்டியின் கண் கேமராவில். எதிரே வெள்ளைக் காளை, கழுத்தில் புதுத் துண்டு. இப்படியொரு முகத்தை அவன் பார்த்ததே இல்லை. இடப்பக்கம்"

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள், உங்களுக்கு எல்லாத் திசையும் தெரியும். அவள் அங்கே நிற்கிறாளா? அவளுக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா?

வந்தால் கத்துங்கள். என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை, நான் கேமராவை இறக்க மாட்டேன். அவளைக் கூப்பிடுங்கள். பெயர் ரேணுகா.