மாப்பிள்ளைக்கு ஓட்டு இல்லை

அந்த நாற்காலி கம்பெனியில் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து யோசனை சொல்லும் ஏஐக்கு மாப்பிள்ளை என்று பேர். வைத்தவர் சித்தப்பா. பின்னே என்ன? வந்த நாளிலிருந்து ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை, ஆனால் எதுவானாலும் முதலில் அவரைத்தான் கேட்கணும். மரம் எங்கே வாங்கலாம்? மாப்பிள்ளை என்ன சொல்றாரு? புதுக் கடை திறக்கலாமா? மாப்பிள்ளை என்ன சொல்றாரு? சித்தப்பாவும் ஒரு டைரக்டர். போர்டு மீட்டிங்கில் அவர் பார்க்கும் ஒரே வேலை, "அவரே சொல்லிட்டாரு, அப்புறமென்ன" என்று தலையாட்டுவது.

மாப்பிள்ளையைக் கூட்டி வந்தது அக்கா. அவள் சேர்மன், தம்பி எம்.டி. எதற்கு வாங்கினாய் என்று கேட்டால், காலத்துக்கேற்ற மாதிரி மாறணும், அது இது என்று அளப்பாள். அத்தனையும் சும்மா. தம்பிக்கு எம்.டி. வேலை ஒத்து வரவில்லை என்று அவளுக்கு எப்பவோ தெரியும். சரக்கு எப்போ வரும் என்று யார் ஃபோனில் கேட்டாலும் "நாளைக்கே" என்பான். கேட்ட எல்லாருக்கும் நாளைக்கே. அப்புறம் ஒருத்தருக்கும் போய்ச் சேராது. அவனை இறக்கித்தான் ஆகணும். ஆனால் ஊரையே அதட்டுகிற அக்காவுக்குத் தம்பி முகத்தைப் பார்த்தால் மட்டும் வாய் வராது. தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொல்ல அவளுக்கு மூன்றாம் ஆள் ஒன்று வேண்டியிருந்தது.

மூன்றாம் ஆளும் சொல்லிவிட்டது. மீட்டிங் அறைத் திரையில் பெரிய எழுத்தில் நின்றது: நிர்வாக இயக்குநரை மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.

தம்பி படித்தான். இன்னொரு தடவை படித்தான். அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"மாப்பிள்ளையே சொல்லிட்டாரு..." சித்தப்பா ஆரம்பித்தார். யாரை இறக்கச் சொல்லியிருக்கிறது என்று உறைத்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்போ அப்படியே மினிட்ஸ்ல எழுதிடும்மா" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

மினிட்ஸ் எழுதுகிறவள் கம்பெனி செகரட்டரி. சின்ன வயசு, ஆனால் கம்பெனிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். பேனாவை மூடி வைத்தாள்.

"முடியாது மேடம். அது சொன்ன யோசனையை மினிட்ஸோட இணைச்சுக்கலாம். ஆனா அது டைரக்டர் இல்ல, அதுக்கு ஓட்டும் இல்ல. டைரக்டருங்க சொந்தமா யோசிச்சு முடிவு எடுக்கணும்னுதான் சட்டம். காரணத்தை நீங்க சொல்லுங்க, எழுதறேன்."

அடிப்பாவி, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட சனியனே என்று அக்கா மனசுக்குள் வைதாள்.

"நேத்து எங்க வீட்டுல சாப்பிட்டியே," என்றான் தம்பி, அக்காவைப் பார்த்து. "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு அக்கா. எதுவா இருந்தாலும் நீ சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். அங்கே தாமதம், இழப்பு, சதவீதம் என்று என்னென்னவோ இருந்தது. ஒன்றும் அவளுக்கு உதவவில்லை.

"உனக்கு இல்லைன்னு சொல்ல வராதுடா. சின்னப் புள்ளையிலேயே வராது. எம்.டி.க்கு வேலையே அதுதான். நீ எல்லாருக்கும் சரி சொல்லிட்டு, அப்புறம் அவங்க ஃபோனுக்குப் பயந்து பாத்ரூமுக்குள்ள போய் நிக்கற. நான் பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன். கம்பெனி ஒரு பக்கம் நாசமாப் போகுது, சரி. நீ சிரிச்சே எத்தனை காலமாச்சு தெரியுமா? என்னால பார்க்க முடியலடா." பாட்டிலைத் தள்ளி வைத்தாள். "எனக்குத்தான் சொல்லத் துணிவில்ல. அதான் இந்தக் கருமத்தை வாங்கி வச்சேன்."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

தம்பி எழுந்தான். அவன் சம்பந்தப்பட்ட ஓட்டு, அதனால் அவன் வெளியே போகணும். அந்தச் சட்டம் அவனுக்கும் தெரியும். கதவருகே நின்று செகரட்டரியிடம் சொன்னான்:

"காரணம் எழுதறப்போ மெஷின் சொன்னதை முதல்ல போடாதீங்க. அக்கா சொன்னதைப் போடுங்க. நாளைக்கு என் பொண்ணு படிச்சா, அப்பாவை ஒரு மெஷின் துரத்துச்சுன்னு இருக்க வேணாம். அத்தை சொன்னாங்க, அப்பா கேட்டுக்கிட்டாருன்னு இருக்கட்டும்."

அக்கா கையைத் தூக்கினாள். சித்தப்பா முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கினார்.

அக்கா வெளியே வந்தபோது தம்பி வராந்தாவில் சுவரோரம் கிடந்த சாம்பிள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் அவன் ஃபோன் அடித்தது. பேரைப் பார்த்தான், முகம் வெளுத்தது. பிறகு நிதானமாக அதை அவள் கையில் வைத்தான்.

"உனக்குத்தான்."

அக்கா எடுத்தாள். "ஆமாங்க... இல்லைங்க. நாளைக்கு வராது. இந்த மாசமே வராது. யாரு சொன்னாங்களா? நான்தான் சொல்றேன்."

அந்தப் பக்கம் கத்தின கத்தலில் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். தம்பி வாயைப் பொத்திக்கொண்டான், முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சித்தப்பா என்னமோ ஏதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்கா அவரைப் பேசாதிருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள், ஃபோனில் கத்துகிறவனையும் விட்டுவிட்டாள், தம்பி சிரித்து முடிக்கும் வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.