ஆடிய கோப்பை

எங்கள் கராக் ஊர் மருத்துவமனையில் ஊழியர் நலனுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். மெத்தை நாற்காலி, திரைச்சீலை, மனம்விட்டுப் பேச ருதைனா என்று ஒரு டாக்டரம்மா. அடேயப்பா, என்ன அக்கறை! உட்கார ஒரு முக்காலி கேட்டு வருஷக்கணக்கில் கிடைக்காத எங்களுக்கு இதில் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது.

"நவ்ஃபா, உள்ள போனா வாயைக் கிண்டி மேலிடத்துல வத்தி வெச்சிருவாங்கடி. அப்புறம் மூலையில உக்காந்து துணி மடிக்க வேண்டியதுதான்," என்றாள் என்னோடு வேலை செய்யும் நர்ஸ் கிதாம்.

எனக்குத்தான் அந்தப் பயம் அதிகம். பள்ளிப் பேருந்து கவிழ்ந்து குழந்தைகளைத் தூக்கிவந்த நாளிலிருந்து என் வலது கை நடுங்குகிறது. தெரிந்தால் அவசரப் பிரிவிலிருந்து தூக்கிவிடுவார்கள். அந்த வேலை போனால் நான் செத்தேன். ஊசி போடும்போது மணிக்கட்டைக் கட்டில் கம்பியில் முட்டுக்கொடுத்துச் சமாளிப்பேன். காப்பி வந்தால் கவலையே இல்லை. எங்கள் ஊரில் கோப்பையை ஆட்டினால், இனி ஊற்றவேண்டாம் என்று பொருள். என் கை தானாக ஆட்டும், ஊற்றுகிறவர் நகர்ந்துவிடுவார்.

எல்லோரும் ஒருமுறை போயே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. போனேன். எங்காவது ஒலிப்பதிவுக் கருவி ஒளிந்திருக்கிறதா என்று திரைக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். டாக்டரம்மா ஒன்றும் கேட்காமல் காப்பி ஊற்றினாள். மடக்கென்று குடித்து, கோப்பையை ஆட்டி நீட்டினேன். மறுபடி ஊற்றினாள். மறுபடி ஆட்டினேன். மறுபடியும் ஊற்றினாள்!

"கோப்பையை ஆட்டுறேனே, கண்ணு தெரியலையா? நீங்க எந்த ஊரு?"

"இதே ஊருதாம்மா. குடிச்சு முடிச்சவங்கதான் ஆட்டுவாங்க. உன் கோப்பை நீ வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே ஆடுது."

கோப்பையைச் சட்டென்று மேசையில் வைத்தேன். "யார்கிட்ட சொல்லப் போறீங்க?"

"நீ சொல்லச் சொன்னா மட்டும் சொல்வேன். ஆனா கை சரியாகுற வரைக்கும் ஊசியை வேற ஆள்கிட்ட குடு."

நம்பவில்லை. ஆனாலும் பேருந்தைப் பற்றி வாய் தானாகப் பேசியது. அழுதும் தொலைத்தேன்.

வெளியே கிதாம் நின்றிருந்தாள். "என்னடி, எல்லாத்தையும் கறந்துட்டாளா?"

"நல்ல மனுஷிடி. நீயும் போய் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வா."

கிதாம் விலகி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னைப் புடிச்சுக் குடுக்கச் சொல்லி உன்னை அனுப்பினாளா?" என்றாள். அவள் இரண்டு கைகளும் அங்கிப் பைக்குள் இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பேருந்து நாளுக்குப் பிறகு கிதாம் யார் நீட்டிய காப்பியையும் கையில் வாங்கியதே இல்லை.