தோளா, புஜமா

என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டுகிறவர். ஒரு வருஷமாகக் கழுத்திலும் இடது தோளிலும் வலி. ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும் பல்லைக் கடித்துக்கொள்வார். சரியாக்கிக்கொண்டு வா, இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன். சாவியைக் கொடுத்துவிட்டு என்ன செய்வார்?

டாக்டர் மஞ்சுநாத்திடம் கூட்டிப்போனேன். ஷிவமொக்கா பக்கத்துக் கன்னடக்காரர், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. இவரோ கல்யாணத்துக்குப் பிறகு வேலூரிலிருந்து வந்தவர், இத்தனை வருஷத்தில் கன்னடம் கற்றுக்கொள்ளத் துப்பில்லை. நான் இங்கே காக்ஸ் டவுனிலேயே பிறந்தவள். ஆட்டோக்காரனிடமும் மார்க்கெட்டிலும் என் கன்னடத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

"என்னா சொல்றாரு ஜூலி?" என்றார் இவர்.

"சும்மா இருங்க. நான் பேசிக்கிறேன்ல."

டாக்டர் மடமடவென்று விளக்கினார். பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன். கழுத்தில் ஒரு நரம்பு நசுங்குவது ஸ்கேனில் தெரிகிறதாம். ஆனால் வலி எந்த இடத்தில் என்பதை வைத்துத்தான் ஆபரேஷனா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டுமாம். கடைசியில், வலி எங்கே என்று ஒரே கேள்வி கேட்டார்: "எல்லி நோவு? புஜானா, தோளா?"

இது ஒரு கேள்வியா? புஜம் என்றால் பயில்வான்கள் மடக்கிக் காட்டுவார்களே, அந்தக் கைச்சதை. இவருக்கு வலி தோளில். இவரும் வழக்கம்போல இடக்கையை வலக்கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"புஜ இல்லா டாக்டர். தோளு, தோளு" என்று அடித்துச் சொன்னேன்.

அப்படியானால் ஆபரேஷன்தான் என்றார். பெரிதாகக் கிழிக்க மாட்டார்களாம். பின்கழுத்தில் சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு, நரம்பை அழுத்துகிற எலும்பைச் சுரண்டிவிடுவார்களாம். அப்படியும் இவர் பயந்தார். கழுத்தாச்சே. நான்தான் அதட்டிச் சம்மதிக்க வைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். இவருடைய இடக்கையை முழங்கைக்கு மேலே பிடித்து, "தோளு நோவு ஹோய்த்தா?" என்றார்.

வலி போய்விட்டதா என்று கேட்கிறார். சரி, ஆனால் ஏன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்?

இவரைக் கையைத் தூக்கச் சொன்னார். பாதி தூரம் போனதும் இவர் முகம் கோணியது. கை அதற்கு மேல் ஏறவில்லை. டாக்டரின் சிரிப்பு நின்றது. இவருடைய தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "புஜ நோவா?" என்றார், என்னைப் பார்த்து.

மாதாவே. கன்னடத்தில் தோளு என்றால் கை. நாம் தோள் என்பதைத்தான் அவர்கள் புஜ என்கிறார்கள். கழுத்து நரம்பு நசுங்கினால் வலி கையில் இறங்கும், தோள்மூட்டு வலிக்குக் கழுத்தில் கை வைத்துப் புண்ணியமில்லை. அன்றைக்கு அவர் விளக்கியது இதைத்தான். தலையாட்டிய மீதி இதுதான்.

"என்னா கேக்குறாரு?" என்றார் இவர்.

"எங்க வலிக்குதுன்னு."

"அதத்தான் நீ அன்னைக்கே சரியா சொல்லிட்டியே."

கழுத்தில் பிளாஸ்திரியோடு, என்னை முழுசாக நம்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன். அத்தனை காலம் பேசிய கன்னடத்தில் ஒரு சொல் வரவில்லை.

"நான் தப்பா சொல்லிட்டேன் டாக்டர்" என்று தமிழில்தான் வந்தது.

டாக்டருக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது.