மூலையில் ஒரே இடம்

கலவான பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஜனார்த்தனனுக்குத் தலை சுற்றியது. தன் வான் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, பயணத்தில் தங்கிக்கொள்ள சின்ன பைபர் கரவன் ஒன்று செய்விக்க, மனைவி சீதாதேவியோடு குருவிட்டவில் ஒரு பட்டறைக்கு வந்திருந்தார். கட்டில் குறுக்கேயா நீளவாக்கிலா, மேசை மடங்க வேண்டுமா, கூரையில் சோலர் வேண்டுமா என்று பட்டறைக்காரர் சிங்களத்தில் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் இவர், "எப்படியும் செய்யலாம்," என்றார்.

சமையல் மேடை மட்டும் கட்டாயம் வேண்டும். சீதாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தார்.

"மூலையில ஒரு இடந்தான் இருக்கு. சமையல் மேடை, இல்லாட்டி டொய்லட்," என்றார் பட்டறைக்காரர்.

"டொய்லட் வைங்க," என்றாள் சீதாதேவி.

ஜனார்த்தனன் திரும்பிப் பார்த்தார். "அது எதுக்கு? எவ்வளவு தூரம் போனாலும் நீ எறங்கவே மாட்டியே."

"தண்ணி குடிச்சாத்தானேங்க எறங்கணும். கதிர்காமம் போறப்பெல்லாம் முந்தின நாளு சாயந்தரத்துல இருந்தே நான் குடிக்கிறதில்ல."

இருபத்திரண்டு வருடமாகப் போய்வருகிற கோயில் பயணம். அவளுக்குத் தாகமே எடுக்காது என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமே," என்றார்.

"வான் நெறைய ஆளுங்க. எப்படிங்க சொல்றது?"

பட்டறைக்காரர் எழுதிக்கொண்டு, படுக்கும்போது தலைப்பக்கம் ஜன்னல் வேண்டுமா என்று கேட்டார். சீதாவுக்குக் காற்று பிடிக்குமா என்று ஜனார்த்தனன் யோசித்துப் பார்த்தார். அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"அவங்ககிட்டயே கேளுங்க," என்றார்.