இன்னும் ஒரு ரவுண்டு

மணிமொழி டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "அன்னிக்கி நீங்க மட்டும் கூட இல்லன்னா இந்த மனுசன் இன்னா ஆயிருப்பாருண்ணா" என்றாள். ஜெயப்பிரகாஷுக்கு வாயில் வைத்த டீ உள்ளே இறங்கவில்லை. சூடு என்று சொல்லிச் சமாளித்தான். அவள் டம்ளரைத் திரும்ப வாங்கி, நின்ற இடத்திலேயே ஆற்றிக் கொடுத்தாள். அது இன்னும் மோசம். நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து போய்விடலாம். டீயை ஆற்றிக் கொடுக்கிற கையை மனுஷன் என்ன செய்வான்?

கட்டிலில் தமிழரசன் இடது காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தான். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். முட்டி பாதிதான் மடங்கியது. கச்சிராயபாளையம் ரோட்டில் அவனுடைய பைக் மெக்கானிக் கடை ஷட்டர் இறக்கியே கிடந்தது. வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அவன் ரேஸ் ஓட்டும் வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. ஊரில் எவனோ ஓட்டித் தள்ளிய பழைய வண்டியை வாங்கி, தானே பிரித்து, தானே கோத்து, சக்கரத்தை உயர்த்தி, சைலன்சரை மாற்றி அவன் செய்த வண்டி அது. மணிமொழியிடம் பேசியதைவிட அதனிடம் அதிகம் பேசியிருப்பான் என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"பேராசைண்ணா. பனி எறங்கிக்கினு இருக்குது, மண்ணு வழுக்குதுன்னு இவருக்குத் தெரியாதா? பத்து வருசமா ஓட்டுறாரு. இன்னும் ஒரு ரவுண்டு, இன்னும் ஒரு ரவுண்டுன்னு போய் விழுந்தா யாருக்கு நஷ்டம்?" என்றாள் மணிமொழி. புருஷனைப் பார்க்காமல் ஜெயப்பிரகாஷைப் பார்த்தே சொன்னாள். "பொண்ணு தலையில கை வெக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டேன். இனிமே ரேஸு கெடையாது. நாளைக்கிக் காலைல மணலூர்பேட்டைலருந்து ஆளு வருது, வண்டிய எடுத்துக்கினு போறதுக்கு."

தமிழரசன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஜெயப்பிரகாஷ் ஆறிய டீயை மடமடவென்று குடித்துவிட்டு, வேலையிருக்கிறது என்று கிளம்பிவிட்டான். வேலையாவது மண்ணாவது. மார்கழி மாதத்தில் கல்யாண போட்டோகிராஃபருக்கு என்ன வேலை?

கல்யாண போட்டோகிராஃபர்களுக்கு ஒரு வியாதி உண்டு. 'இன்னொரு தடவை' என்கிற வியாதி. மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்து, கெட்டிமேளம் ஓய்ந்து, அட்சதையெல்லாம் தலையில் விழுந்து முடிந்த பிறகு, "சார், கையை அப்படியே கழுத்துகிட்ட வெச்சு இன்னொரு தடவ" என்பார்கள். உலகத்தில் யார் சொன்னாலும் கேட்காத மாப்பிள்ளைகூட அப்போது கேட்பான். ஜெயப்பிரகாஷ் கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்து மண்டபங்களில் இதைப் பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறான். பெண்ணைப் பிரிகிற அம்மாவை இன்னொரு தடவை அழச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாவும் முந்தானையை எடுத்து இன்னொரு தடவை அழுதிருக்கிறாள். யாரும் முறைத்ததில்லை. யாருக்கும் அதனால் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. ஆகவே அந்தச் சொல் அவன் நாக்கில் எச்சிலைப்போல எப்போதும் ஊறிக் கிடந்தது.

வரப்போகிற காணும் பொங்கலன்று வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கரம்பில், ராத்திரி பைக் ரேஸ் நடத்தப் பையன்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் எடுக்க ஆள் வேண்டும் என்றதும் ஜெயப்பிரகாஷ் காசு எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் முன்னால் போய் நின்றான். மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களையே எடுத்துச் சலித்திருந்தது. ஓடுகிற ஒன்றை, நிற்கச் சொன்னால் நிற்காத ஒன்றை, ஒரே ஒரு தடவையாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். வண்டி போகிற வேகத்துக்கே இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக் கேமராவையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அப்படிச் சரியாகத் திருப்பினால் வண்டி மட்டும் தெளிவாக நிற்கும். பின்னாலுள்ள விளக்கு, மரம், மலை எல்லாம் கோடு கோடாக இழுபட்டு ஓடும். பகலிலேயே கஷ்டம். இருட்டில் கேட்கவே வேண்டாம். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. ஓட்டுகிறவன் கண் கூசிவிடும்.

தமிழரசன் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. "எனக்கும் பிராக்டிஸ் ஆச்சு, உனக்கும் பிராக்டிஸ் ஆச்சு, வாடா" என்றான். பொழுது சாய்ந்ததும் இருவரும் அங்கே போவார்கள். மைக்செட் சின்னராசு ஜெனரேட்டரும் இரண்டு ஃபோகஸ் லைட்டும் கொண்டுவந்து கம்பத்தில் கட்டியிருந்தார். முதல் நாள் எடுத்த படங்களைச் சொல்லி அழலாம். ஒன்றில் பின் டயர் மட்டும். ஒன்றில் சின்னராசு பீடி பற்றவைப்பது மட்டும் அழகாக விழுந்திருந்தது. மிச்சமெல்லாம் இருட்டு. "இன்னாடா இது, ஒரு போட்டோல வண்டிக்கு ஆளு இல்ல, இன்னொன்னுல ஆளுக்குத் தலை இல்ல" என்று தமிழரசன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தான். ஆனாலும் மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான்.

விழுந்த அன்று சாயங்காலம் மலையிலிருந்து பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. ஃபோகஸ் லைட்டைச் சுற்றிப் புகைபோல வட்டம் கட்டி நின்றது. தமிழரசன் இடதுபக்க வளைவைச் சுற்றி வந்தபோது ஜெயப்பிரகாஷுக்கு முதன்முதலாகத் தன் உடம்பு வண்டியோடு சேர்ந்து திரும்புவது தெரிந்தது. தான் திரும்புகிறோம் என்பதே மறந்துபோயிருந்தது. விரலை எடுக்காமல் அழுத்தினான். கேமரா தடதடவென்று வரிசையாக எடுத்துத் தள்ளியது. ஆவலாகத் திரையைப் பார்த்தான். கலங்கலாக ஒரு படம். அது அந்த வரிசையில் கடைசியாக எடுத்த படம். முன்னால் எடுத்தவற்றைத் தள்ளிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷத்துக்கு அவனுக்குப் பொறுமை இல்லை.

தமிழரசன் வண்டியை நிறுத்திக் கையுறையைக் கழற்றியிருந்தான். "போதும்டா. வளைவுல மண்ணு வழுக்குது. பின்சக்கரம் நிக்கல. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றான். சின்னராசு தூரத்தில், ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில், ஒயரைச் சுற்ற எழுந்துகொண்டிருந்தார்.

"டேய், கைக்கு வந்துடுச்சுடா. ஒரே ஒரு ரவுண்டு. இன்னும் ஒன்னே ஒன்னு."

தமிழரசன் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "என்னையும் மாப்பள ஆக்கிட்டியேடா" என்று கையுறையை மறுபடி மாட்டினான்.

ஜெயப்பிரகாஷ் கண்ணைக் கேமராவில் வைத்துக் காத்திருந்தான். வெளிச்சம் வந்தது, வண்டி வந்தது, இடுப்பு அழகாகத் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. கேமராக் கட்டத்துக்குள் வண்டி இல்லை என்பது தெரிந்த பிறகும் அவன் உடம்பு அதே வேகத்தில் காலி இருட்டோடு திரும்பிற்று, விரல் அழுத்தியபடியே இருந்தது. அதன் பிறகுதான் சத்தம் காதில் விழுந்தது. கேமராவைத் தரையில் போட்டுவிட்டு ஓடினான். தமிழரசன் அலறவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணுடா" என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரி வாசலில் மணிமொழி ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்து, "எப்படிண்ணா?" என்று கேட்டாள். செருப்புகூடப் போட்டிருக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் அவள் வெறும் பாதத்தையே பார்த்தான். "இன்னொரு ரவுண்டு போறேன்னு போனான்மா. மண்ணு வழுக்கிடுச்சு" என்றான். சொல்லப் போனால் அதில் ஒரு வரிகூட முழுப் பொய்யில்லை. அவன் தன்னைத் தானே அப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டான், பாவி.

நாலைந்து நாள் கழித்துத்தான் கேமராவைத் திறந்தான். படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினான். விழுவதற்கு முந்தைய ரவுண்டு. கலங்கல், கலங்கல், கலங்கல். அடுத்த படத்தில் தள்ளுவதை நிறுத்தினான். வண்டியின் சங்கிலிக் கண்ணிகளை எண்ணிவிடலாம்போல அவ்வளவு தெளிவு. பின்சக்கரம் வாரி இறைத்த மண் காற்றில் அப்படியே நின்றது. பின்னால் விளக்கு ஒரு நீளக் கோடாக ஓடியது. வாழ்நாளில் அவன் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். தமிழரசன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இது கேமராவுக்குள் இருந்திருக்கிறது. அந்தக் கடைசி ரவுண்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பெண்டாட்டி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றான்.

அன்றிலிருந்து தினமும் தமிழரசன் வீட்டுக்குப் போனான். கறிகாய் வாங்கிப் போட்டான், மருந்து வாங்கி வந்தான், கூட்டாளியைத் தூக்கி உட்கார வைத்தான். தினமும் மணிமொழி புருஷனைத் திட்டுவதையும் தன்னைப் புகழ்வதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்று சொல்லிவிடலாம் என்று போவான். அவள் டீயோடு வருவாள். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்புவான்.

இப்போது நாளைக்கு வண்டி போகிறது. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மணிமொழி வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தாள். "வாங்கண்ணா, காலங்காத்தாலயே. அவங்களும் வந்துக்கினே இருக்காங்களாம்" என்றாள். அவன் நேராக உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான்.

தமிழரசன் படத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"எந்த ரவுண்டுடா இது?"

"முந்தின ரவுண்டு" என்றான் ஜெயப்பிரகாஷ். "நீ கிளவுசக் கயட்டுன இல்ல, அப்பவே இருந்துருக்குதுடா. நான் பாக்கல. பாக்காமயே உன்ன இன்னொரு ரவுண்டு போவச் சொல்லிட்டேன்."

மணிமொழி உள்ளே வந்து நின்றிருந்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தான். "தமிழு போதும்னுதான் சொன்னாம்மா. நான்தான் கெஞ்சிக் கேட்டு அனுப்பினேன். அவனுக்குப் பேராசை இல்ல. எனக்குத்தான்."

அவள் முகத்தில் கோபம் உடனே வரவில்லை. என்னவோ கணக்குப் போடுகிறவள்போல நின்றாள். "இத்தினி நாளா அவர நான் பேசாத பேச்சு இல்ல" என்றாள் மெதுவாக. "நாய்கூட சோறு தின்னாது, அந்த மாரி பேசுனேன். நீங்க இங்கதான உக்காந்துக்கினு இருந்தீங்க? கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?" என்று புருஷனிடம் திரும்பினாள்.

"வண்டி என் கைலதான இருந்துச்சு" என்றான் தமிழரசன். "மாட்டேன்னு நான்தான சொல்லி இருக்கணும்."

வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம். "தமிழரசன் வூடு இதுதானுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். மணிமொழி நகரவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தார்ப்பாயை அவர்களே விலக்குவது கேட்டது. பழகாத ஒரு கால் கிக்கரை உதைத்தது. வண்டி இருமி நின்றது. மறுபடி உதைத்தார்கள். மறுபடி இருமி நின்றது. சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது இந்த அறையில் படுத்திருக்கிறவனுக்கு மட்டுமே தெரியும். எழுந்து போய் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும்படி அவள் சொல்ல மாட்டாளா என்று ஜெயப்பிரகாஷ் காத்திருந்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தமிழரசன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். வளைவில் சாய்ந்த வண்டியிலிருந்து இடது கால் வெளியே நீண்டிருந்தது. முட்டி விறைப்பாக, பூட்ஸ் மண்ணை உரசியும் உரசாமலும். அவன் இன்னும் பெரிதாக்கினான். காலைத் தவிர வேறெதுவும் இல்லை இப்போது திரையில்.

"நல்லா வந்துருக்குதுடா" என்றான்.

வெளியே மூன்றாம் உதைக்கு வண்டி பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இடது பாதத்தின் கட்டைவிரல் கியரைத் தேடுகிறதுபோல ஒருமுறை மேலே எழும்பி, கீழே அழுத்தியது.