மாமனார் பேரைச் சத்தமாகச் சொன்னது

“கேட்கலை. வாய் அசையுது, குரல் வரலை” என்றார் திரையில் இருந்த நீதிபதி அம்மா.

அனார்குல் மறுபடியும் மடிக்கணினிப் பக்கம் குனிந்து முணுமுணுத்தாள். திரையின் ஓரத்தில் தெரிந்த கோர்ட்டு எழுத்தர் பெண் தலையை ஆட்டினாள். “ஒண்ணும் வரலை, அக்கா.”

“எழுதிக் காட்டட்டுமா?” என்று ஒரு தாளில் எழுதித் தூக்கிப் பிடித்தாள் அனார்குல்.

“எழுத்து செல்லாது. யாருக்காக ஆஜராகுறீங்கன்னு நீங்களே வாயால சொல்லணும், பதிவாகணும். பத்து நிமிஷம் தரேன். அதுக்குள்ள சரியாகலைன்னா உங்க தரப்பு வரலைன்னு எழுதிடுவேன்.”

வரவில்லை என்று எழுதிவிட்டால் தோட்டத்தில் பாதி போய்விடும். நாற்பது வாதுமை மரம், நாற்பதும் காய்க்கிறவை. வேலியை நகர்த்திப் போட்டுவிட்டு ‘எங்க பாட்டன் காலத்து எல்லை’ என்று வழக்கும் போட்டிருந்தான் பக்கத்துத் தோட்டத்துக் காதிர். நிலம் மாமனார் பேரில். அவருக்கோ தொண்டையில் அறுவை நடந்து ஏழு மாதமாகப் பேச்சு இல்லை. புருஷன் ருஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். வீட்டிலிருந்த நல்ல கைபேசியும் அவனோடு போய்விட்டது. அதிகாரப் பத்திரம் அனார்குல் பேரில்தான்.

அவளுடைய பயம் வழக்கைப் பற்றி அல்ல. பேரைப் பற்றி. வாழ வந்து பதினோரு வருஷமாகிறது, மாமனார் பேரை ஒரு தடவைகூட அவள் வாயால் சொன்னதில்லை. அந்த ஊரில் எந்த மருமகளும் சொல்ல மாட்டாள். அந்தப் பேரின் முதல் பாதிக்கு அவர்கள் பாஷையில் இரும்பு என்று அர்த்தம் என்பதால், ஆணி வாங்கப் போனால்கூட “அந்தக் கெட்டியானதுல நாலு குடுங்க” என்றுதான் கேட்பாள். கடைக்காரருக்கும் பழகிப்போயிற்று. இன்றைக்கு மைக்குக்குக் கிட்டே போய், மூச்சோடு மூச்சாக ஒரே தடவை சொல்லித் தப்பிவிடலாம் என்று இரண்டு வாரமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள். மைக்கு இப்படிக் கழுத்தறுக்கும் என்று யார் கண்டது?

“என்ன கெலின், மிஷினும் உன்னை மாதிரி வெக்கப்படுதா?” மருமகளை அப்படித்தான் கூப்பிடுவாள் மாமியார் சாயிரா. வாசற்படியில் நின்றிருந்தாள். பின்னால் அவளுடைய அக்கா, கையில் தேநீர்க் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு.

“நேத்து சாயங்காலம் ஒத்திகை பாத்தப்ப நல்லாக் கேட்டுச்சு, எனே.” மாமியாரை அனார்குல் கூப்பிடுவது அப்படி.

“நேத்து கல்யாணம் ஆனவகூட இன்னைக்கு அழுவா. பாரு, பாரு.”

அனார்குல் பார்த்தாள். ஒலி அணைந்திருக்கிறதா? இல்லை. மைக்குக்கு அனுமதி? இருக்கிறது. ஒலி அளவை நூறுக்கு ஏற்றினாள். மடிக்கணினியையே அணைத்துப் போட்டாள். அது உயிர் பெற்று வருவதற்குள் மூன்று நிமிஷம் போயிற்று. விசைப்பலகை ஓரத்தில் தெரிந்த சின்னத் துளைதான் மைக்கு என்று நினைத்து ஊதினாள், ஊசியால் தூசியைக் கிளறினாள்.

“அதுக்குக் காது குத்துறியாடி?” என்றாள் மாமியாரின் அக்கா.

தன் குரலைப் பதிவு செய்து போட்டுக் கேட்டாள். ஏழு பஞ்சுப் போர்வைக்கு அடியிலிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒரு புள்ளி எழுந்து படுத்துக்கொண்டது.

திரையின் மேல் விளிம்பில், கேமராவை ஒட்டி, கறுப்புப் பட்டையால் ஒரு நீல மணி ஒட்டியிருந்தது. காலையில்தான் மாமியார் ஒட்டினாள். “அந்தக் கண்ணு நம்ம வீட்டையே முறைக்குது. அதுக்கு ஒரு எதிர்க்கண்ணு வேண்டாமா?” மாமியார் ஒட்டிய திருஷ்டி மணியை மருமகள் தொடுவாளா? அனார்குல் எல்லாவற்றையும் நோண்டினாள், அதை மட்டும் தொடவில்லை.

“நேரம் ஆயிடுச்சு” என்றார் நீதிபதி. “கேக்குதா, பாக்குறேன். சொல்லுங்க.”

“அ…”

“லேசா என்னவோ வருது. சத்தமா, அம்மா. கத்தியே சொல்லுங்க.”

பக்கத்து நாற்காலியில்தான் மாமனார் உட்கார்ந்திருந்தார். தலையில் வெள்ளைக் குல்லா, கழுத்தில் பட்டுத் துண்டு. அந்தத் துண்டுக்குக் கீழே தொண்டையில் பதித்த குழாய். அனார்குல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“தெமிர்பெக்!”

தட்டு விழுந்தது. ஆறு கிண்ணமும் உடைந்தன. யாரும் குனிந்து பார்க்கவில்லை. மாமியாரின் அக்கா தோஷம் ஒட்டாமலிருக்கச் சட்டைக் கழுத்தை இழுத்து மார்பில் துப்பிக்கொண்டாள். சாயிராவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. முற்றத்தில் விறகு பிளக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

“பாதிதான் விளங்குச்சு” என்றார் நீதிபதி, இங்கே ஒரு வீடே இடிந்து விழுந்தது தெரியாமல். “தகப்பனார் பேரோட, இன்னொரு தடவை.”

“ஒர்மோன் மகன் தெமிர்பெக்!”

“நீ நல்லா இருப்பியாடி!” என்றாள் சாயிரா. திட்டாகவும் வரவில்லை, வாழ்த்தாகவும் வரவில்லை.

“இன்னும் தெளிவா…”

மூன்றாவது தடவைக்கு அனார்குல் மூச்சை இழுத்தாள். அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்துவிட்டார். அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அறை விழுந்தாலும் விழட்டும், தோட்டம் மிஞ்சினால் போதும்.

அவர் கை அவளைத் தாண்டிப் போனது. நகத்தால் அந்தக் கறுப்புப் பட்டையைப் பிய்த்தார். நீல மணி மேசையில் உருண்டது. அது இருந்த இடத்தில், ஊசி முனை அகலத்தில் மைக்கின் இரண்டு துளைகள்.

பச்சைக் கோடு துள்ளி எழுந்தது.

அதோடு அவர் உட்காரவில்லை. துண்டை விலக்கினார். தொண்டைக் குழாயின் வாயில் விரலை வைத்து அழுத்தினார். ‘இப்படி மூடினா பேச்சு வரும்’ என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். முதல் நாள் யாரும் இல்லாதபோது ஒரு தடவை செய்து பார்த்தார். வாணலியைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு விரலை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை.

“தெமிர்பெக்” என்று சுரண்டியது அந்தக் குரல். “ஒர்மோன் மகன். நான்தான்.”

அனார்குலுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. ஏழு மாதம்!

“தெளிவாக் கேக்குது” என்றார் நீதிபதி. “உங்களுக்காகப் பேசுறது?”

அவர் மூச்சு வாங்கினார். மறுபடி விரலை வைத்தார். “என் மருமக. அவ மைக்கு ஓட்டை அடைச்சிருந்துச்சு, தொறந்துட்டேன். என்னோடது தொறந்திருந்துச்சு, அடைச்சுட்டேன். இனி அவ பேசுவா.”

“கெழவா!” சாயிராவுக்கு இப்போதுதான் வாய் மூடித் திறந்தது. “பேச வருமா உனக்கு? ஏழு மாசமா சுவத்தோட பேசுற மாதிரி என்னைப் பேச விட்டுட்டு, கல்லு மாதிரி உக்காந்திருந்தியா? ரொட்டி வேணுமா வேண்டாமான்னுகூட நான் உன் கண்ணைப் பாத்துத்தானே…”

“அம்மா,” என்றார் நீதிபதி, “நீங்க பேசுறது எல்லாம் பதிவாகுது.”

சாயிரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் இறங்கிற்று. நீல மணியை எடுத்தாள். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் திரையைப் பார்த்தாள், புருஷன் கழுத்தைப் பார்த்தாள், கடைசியில் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“தகராறு எத்தனை மரத்துக்கு?” என்று கேட்டார் நீதிபதி.

மாமனார் உட்கார்ந்து துண்டைச் சரி செய்துகொண்டார். அனார்குல் திரைக்கு நேராக நிமிர்ந்தாள். கத்தத் தேவையில்லை.

“நாப்பது, அம்மா” என்றாள். “பழைய எல்லையில என் மாமனார் நட்ட வேலிக் கம்பம் பன்னெண்டு. பன்னெண்டும் இரும்பு.”